தேய்மானம் பார்த்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம், அதாவது பழசாவதற்காக மதிப்பில் கழித்துக்கொள்ளும் பங்கு, ஆண்டுக்கு 40 சதவீதம். மேசை நாற்காலிக்கு 10 சதவீதம்தான். அரக்கோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான். ஜிஎஸ்டி ரிட்டர்ன், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பதிவு, வருடக் கடைசியில் ஆடிட்டருக்குப் போக வேண்டிய கோப்புகள், இதுதான் பிழைப்பு. அந்த 40 சதவீதத்தை எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். 2023 ஜூனில் சொந்தக் காசில் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தபோதுதான் அந்த எண்ணை நின்று பார்த்தேன். கம்ப்யூட்டர் என்று ஒரு பொருளே கிடையாது. எட்டுச் சாமான்கள் ஒரு பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன. எட்டும் எட்டு வேகத்தில் கிழடு தட்டுகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் வலித்த கதை. என் முதல் கம்ப்யூட்டர் 2014-இல் ஊரிலேயே ஒருவரிடம் சொல்லிச் சேர்த்தது. கேபினெட்டோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார். வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சாமான் அது. இலவசம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஐந்து வருடம் ஒழுங்காக ஓடியது. 2019 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், கூடவே கருகல் நெடி. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் 800 ரூபாயோடு முடிந்திருக்கும். அது போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனது. மூன்று கடைகளின் ஆறு மாத டேலி பதிவு அந்த டிஸ்கில். பேக்கப் எடுத்து வைத்திருந்தேனே என்று நெஞ்சில் கை வைத்தேன். எடுத்துத்தான் இருந்தேன், அதே டிஸ்கின் டி டிரைவில்.

பதினோரு இரவு உட்கார்ந்து பில் கட்டுகளைப் பிரித்து மறுபடி ஏற்றினேன். அதற்குப் பிறகு அண்ணன் மகனின் பழைய லேப்டாப்பில் நாலு வருடம் தள்ளினேன். டேலியும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்தால் அது மூச்சு வாங்கும். ஏலச்சீட்டில் 40,000 கைக்கு வந்தபோது இனி பொறுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்தப் பணத்துக்கு ஒரு லேப்டாப் வாங்கியிருக்கலாம். பலரும் அதையே சொன்னார்கள். நான் எங்கும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. நாள் முழுக்கக் குனிந்து சின்னத் திரையைப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். தவிர, லேப்டாப்பில் ஒன்று பழுதானால் பெரும்பாலும் மொத்தத்தையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கம்பெனிகள் கழித்துக்கட்டும் பழைய டெஸ்க்டாப்புகளும் ஒரு வழி. இன்டெல்லின் ஐ5 ஆறாம் தலைமுறை ப்ராசஸர், 8 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்கச் சின்ன எஸ்எஸ்டியோடு 12,000, 13,000-க்குச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் டேலிக்கும் வரித் தளத்துக்கும் அதுவே போதும். உங்கள் வேலை அவ்வளவுதான் என்றால் அதை வாங்கிவிட்டு மீதிப் பணத்தை வங்கியில் போடுங்கள். நான் இரண்டு காரணத்துக்காக வேண்டாமென்றேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பட்டியலில் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வரை பெரும்பாலும் இடமில்லை, எட்டிலிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்பது அப்போதே அறிவித்த தேதி. வாங்கி இரண்டு வருடத்தில் மறுபடி தலைவலி. இன்னொரு காரணம், அந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் பிளக்கும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. எஸ்எம்பிஎஸ்ஸால் சூடு கண்ட பூனை நான்.

மூன்றாவது காரணமும் உண்டு: என் மகன். அப்போது பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தான். “உனக்கு டேலி ஓடணும், எனக்கு வாலரண்ட் ஓடணும்மா” என்றான். வாலரண்ட் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. யூடியூப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சாமான்களின் பெயரெல்லாம் மனப்பாடம். எனக்குக் கூட்டல் கழித்தல் வரும். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம்.

அவன் எழுதிய முதல் பட்டியலில் பாதிப் பணம், திரையில் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனது. நான் அதே பட்டியலின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதினேன்: இது எத்தனை வருடம் கழித்தும் அடுத்த பெட்டிக்குள் உட்காரும்? கேபினெட், பத்து வருடம். மானிட்டர், எட்டு, பத்து. நல்ல எஸ்எம்பிஎஸ், ஏழு, எட்டு. கீபோர்டு, உடையும் வரை. ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும்? மூன்று வருடத்தில் ‘போன தலைமுறை’ ஆகிவிடும். அதே வேலையைச் செய்வது அதற்குள் பாதி விலைக்கு வந்திருக்கும். அப்படியென்றால் கையிலிருக்கும் சின்னப் பணத்தை மெதுவாகத் தேய்கிற பக்கம் சாய்க்க வேண்டும், வேகமாகத் தேய்கிற பக்கம் இன்றைய தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். ஊரில் எல்லோரும் செய்வது இதற்கு நேர் தலைகீழ். ப்ராசஸர் பெயரைக் கேட்டால் பெருமையாகச் சொல்லலாம், எஸ்எம்பிஎஸ் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்?

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் மகனோடு ஒரு வாரம் இழுபறி. பழைய ஆர்எக்ஸ் 580 நாலைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றான். 2017-இல் வந்த கார்டு அது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, கார்டு வைத்துக் காசு தோண்டியவர்கள் எல்லாம் கையிலிருந்ததைச் சந்தையில் கொட்டினார்கள். இரவு பகலாக ஓடியதா, ஓரமாகக் கிடந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வாரன்டியும் கிடையாது. கடைசியில் ரைசன் 5 5600ஜி என்ற ப்ராசஸரில் சமாதானம் ஆனோம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, 2021-இல் வந்தது. இன்டெல் ஐ3-12100 இதைவிட மலிவு, டேலிக்கு அதுவும் தாராளம். ஆனால் அதன் உள் கிராஃபிக்ஸ் விளையாட்டுக்கு ஒரு படி கீழே. அதிலேயே கடைசியில் ‘எஃப்’ என்று எழுதியிருக்கும் ஒன்று உண்டு, இன்னும் விலை குறைவு. அதில் கிராஃபிக்ஸே கிடையாது. தெரியாமல் வாங்கினால் தனிக் கார்டு போடும் வரை திரை கறுப்பாகவே இருக்கும்.

அந்த நேரத்தில் ஏஎம்5 சாக்கெட், அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தின் புது வகை, வந்திருந்தது. அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும், மதர்போர்டும் விலை. நாங்கள் பழைய ஏஎம்4-லேயே நின்றோம்.

ஒரு சனிக்கிழமை காலை புறநகர் ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து, அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், பூட்டைத்தான் பார்க்கலாம். ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று பின்னிக் கிடக்கிற சந்துகள். கேபிள் ஒரு சந்தில், பழைய லேப்டாப் ஒரு சந்தில், சிசிடிவி ஒரு சந்தில். நடுவில் டீக்கடை. தலைக்கு மேல் பெட்டி சுமந்துகொண்டு ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒதுங்கி நிற்கத் தெரிய வேண்டும்.

முதல் இரண்டு கடையில் என்னைப் பார்த்து யாரும் பேசவில்லை. “தம்பி, என்ன பட்ஜெட்?” என்று மகனிடம்தான் கேட்டார்கள். “அம்மாகிட்ட கேளுங்க, அவங்கதான் ஃபைனான்ஸ் மினிஸ்டர்” என்றான் அவன். மூன்றாவது கடையில் நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். எட்டு வரி, எதிரே காலியான கட்டம். “இதில் விலை மட்டும் எழுதிக் கொடுங்க தம்பி, வேற கடையிலும் கேட்டுட்டு வரேன்.” அதற்குப் பிறகு எல்லோரும் மரியாதையாக “மேடம்” ஆனார்கள். நாலு கடையில் எழுதி வாங்கினோம். ஒரே ப்ராசஸருக்கு 900 ரூபாய் வித்தியாசம் இருந்தது. ஆனால் ஒரு கடையில் மிகக் குறைவாக எழுதித் தந்ததை விசாரித்தபோது ‘ட்ரே’ என்றார்கள். அதாவது பெட்டியில்லாமல், கூலர் இல்லாமல், கம்பெனியின் மூன்று வருட வாரன்டியும் இல்லாமல் வரும் சரக்கு. விலையை மட்டும் ஒப்பிட்டால் இந்த இடத்தில் ஏமாறுவோம்.

இன்னொரு கடையில் அந்தக் காது பழகிய வசனம் வந்தது: “பில் இல்லாம எடுத்துக்கிட்டீங்கன்னா ரேட் பார்த்துப் பண்ணலாம் மேடம்.” கணக்குப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது! என் வருமானம் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய 20 லட்சத்தை எட்டாதது, எனவே கட்டிய 18 சதவீதம் எனக்குத் திரும்பி வராது. இருந்தாலும் பில் வாங்கினேன், சீரியல் எண்ணோடு. அதற்கான பலனைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் கொடுத்த விலை: ப்ராசஸர் 11,600. பி450 மதர்போர்டு 6,200. 8 ஜிபி ரேம் இரண்டு 3,500. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 2,700. 550 வாட் எஸ்எம்பிஎஸ், மின்சாரத்தை வீணாக்காததற்கான ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ (வெண்கல) முத்திரையோடு, 3,900. கேபினெட் 2,300. 22 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் 7,300. கீபோர்டு, மவுஸ் 900. மொத்தம் 38,400. பழைய யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி 1,000. சீட்டுப் பணத்தில் 600 மிச்சம். அதில் மதியச் சாப்பாடும் போக்குவரத்தும்.

இந்தப் பட்டியலில் இரண்டு வரிக்குக் கடைக்காரத் தம்பியோடு வாதாட வேண்டியிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்து, “கார்டே போடல, இதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ? கேபினெட்டோட சேர்த்தே 1,800-க்கு தரேன், 450 வாட்” என்றார். அவர் சொன்ன 450 வாட் பெட்டியையும் எங்கள் 550-ஐயும் ஆளுக்கொரு கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன் மகனிடம். ஒன்று காலி டிபன் பாக்ஸ் மாதிரி, மற்றொன்று செங்கல் மாதிரி. உள்ளே காயிலும் கெப்பாசிட்டரும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் அப்படித்தான் இருக்கும். எடை ஒன்றே சான்றிதழ் ஆகாது, ஆனால் மோசமானதைக் கழிக்க உதவும். எங்கள் கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட் தாண்டுவது கஷ்டம் என்பது உண்மைதான். நான் காசு கொடுத்தது வாட்டுக்கு இல்லை. மின்சாரம் எகிறினால் தானே அணைந்துகொள்ளும் புத்திக்கு.

ரேமில் வாதாடியது மகன். “ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா போட்டுக்கோங்க, பின்னாடி இன்னொன்னு சேர்த்துக்கலாம்” என்றார் தம்பி. தனிக் கார்டு இருக்கும் மெஷினுக்கு அது மோசமான யோசனை இல்லை. ஆனால் கிராஃபிக்ஸ் ப்ராசஸருக்குள்ளேயே இருந்தால் அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமைத்தான் கடன் வாங்கும். 3200 வேக டிடிஆர்4 ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரண்டு ஸ்டிக், இரண்டு சேனல் என்றால் 51.2. ஒரே குழாயில் ஒரு வீடே தண்ணீர் பிடிப்பதற்கும் இரண்டு குழாய்க்கும் உள்ள வித்தியாசம். மகன் இதைச் சொல்லி முடித்தபோது கடைத் தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு எட்டை எடுத்து வைத்தார்.

சேர்த்துக் கொடுக்க 500 ரூபாய் கேட்டார்கள். நாமே செய்வோம் என்று பெட்டிகளைச் சுமந்துகொண்டு ரயில் ஏறினோம். அந்த 500 ரூபாய்க்குள் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருந்தது அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஆரம்பித்தோம். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் கையில் நிலைமின் பட்டி கட்டிக்கொண்டு செய்கிறார்கள். நாங்கள் ஜன்னல் கம்பியை அடிக்கடி தொட்டுக்கொண்டோம், நான் பருத்திப் புடவையில் இருந்தேன். ஜூன் மாத அரக்கோணத்தில் நிலைமின்சாரத்தைவிட வியர்வைதான் பயம். நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு, திருகு பறக்காதபடி ஃபேனை ஒன்றில் வைத்தோம்.

ப்ராசஸர் வைக்கும்போது கை நடுங்கியது. ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கின்றன, ஆயிரத்துக்கு மேல். மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, நெம்புகோலைத் தூக்கிவிட்டு, மேலே வைத்தால் தானே இறங்க வேண்டும். அழுத்தவே கூடாது. இறங்கியது. கூடவே வரும் கூலரில் பேஸ்ட் தடவியே இருக்கிறது, விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மகன் தொட்டான். அந்தக் கூலரைத் திருகிப் பொருத்துவதற்கு முன், போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்னால் இருக்கும் உலோகத் தட்டு தொப்பென்று மேசையில் விழும். எதையோ உடைத்துவிட்டோம் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உடையவில்லை, அதை அடியிலிருந்து ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாலு திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம்.

எஸ்எஸ்டியைப் பிடிக்கும் திருகு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. விழுந்துவிட்டது. இருபது நிமிடம் தேடி, மகன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தால் தரையைத் தடவி எடுத்தான். போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்து ஒன்பது திருகையும் முறுக்கிய பிறகு, மேசை ஓரத்தில் ஒரு தகரத் துண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. பின்பக்க ஓட்டைகளை மூடும் ஐஓ ஷீல்டு. அதை எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டியிருக்க வேண்டும். மொத்தத்தையும் கழற்றி மாட்டினோம். ப்ராசஸருக்குப் போகும் எட்டு முனைக் கேபிளையும் போர்டு உள்ளே போகும் முன்பே மேல் மூலைக்கு இழுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கை நுழையாது. பவர் சுவிட்ச், ரீசெட், விளக்கு என்று தலைமுடி போன்ற கம்பிகள் இருக்கின்றனவே, அவைதான் பொறுமையைச் சோதிப்பவை. சுவிட்சுக்கு நேர், எதிர் பார்க்கத் தேவையில்லை. விளக்குக்கு மட்டும் உண்டு.

மாலை மூன்றரைக்குச் சுவிட்சை அழுத்தினோம். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

ரேமைக் கழற்றி மாட்டினோம். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தோம். எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் போட்டுச் சோதித்தோம், நன்றாகத்தான் இருந்தது. மகன் முகம் வாடிவிட்டது. நான் அந்த நெம்புகோலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு, போர்டு தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற அட்டவணையைப் பார்த்தோம். பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே இருந்து கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சாஃப்ட்வேர். பி450 சிப்செட் 2018-இல் வந்தது. எங்கள் ப்ராசஸர் மூன்று வருடம் இளையது. பழைய ஸ்டாக் போர்டுக்கு இப்படி ஒருவர் பிறந்திருப்பதே தெரியாது. பெட்டியின் மேல் ‘ரைசன் 5000-க்குத் தயார்’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பயாஸைக் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லியிருக்க வேண்டும். சில போர்டுகளில் ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் இருக்கும். எங்களுடையதில் இல்லை.

திங்கட்கிழமை நான் மட்டும் போர்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி ரயிலேறினேன். தம்பி ஒரு பழைய ப்ராசஸரை அதில் வைத்து, பென் டிரைவைச் செருகி, பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டார். 300 ரூபாய் என்றார். “இந்த போர்டையும் இந்த ப்ராசஸரையும் ஒரே பில்லில் போட்டது நீங்கதானே தம்பி” என்றேன். வாங்கவில்லை. எனக்கு ஒரு நாள் வேலை போனது. அந்த 500 ரூபாய்க்குள் ஒளிந்திருந்தது இதுதான். அவர்களே சேர்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நீங்களே சேர்க்க ஆசைப்பட்டால் சேருங்கள், அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க மாட்டேன். ஆனால் கடையை விட்டு இறங்குமுன் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மேசை மேல் வைத்து ஒருமுறை ‘டிஸ்ப்ளே காட்டுங்க’ என்று கேட்டுவிடுங்கள்.

திங்கள் இரவு திரை எரிந்தது. மகன் உடனே பயாஸுக்குள் போய் ரேமின் வேகத்தைக் காட்டினான்: 2400. 3200 என்று எழுதி விற்ற ரேம், நாம் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காத வரை அடக்க ஒடுக்கமாக ஓடுமாம். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வருடக்கணக்கில் காசு கொடுத்த வேகத்தைப் பயன்படுத்தாமலே இருக்கிறார்களோ!

இரண்டு நாள் கழித்து, “அம்மா, பொட்டி சுரீர்னு இழுக்குது” என்றான். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு கடி. டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸா இப்படி என்று வயிறு எரிந்தது. எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “எஸ்எம்பிஎஸ் ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா. மூணு பின் இருக்கு, மூணாவது கம்பிதான் எங்கயும் போகல” என்றார். 1998-இல் கட்டிய வீடு. அந்த அறையின் எர்த் கம்பி பாதி வழியில் வெட்டி விடப்பட்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வடிகட்டியதைக் கேபினெட்டின் உலோகம் வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் பெட்டியே 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் கொஞ்சம் என்பதால் கடிக்கும், கொல்லாது. ஆனால் எங்காவது ஒரு நாள் உண்மையான பழுது வந்தால் காப்பாற்ற ஆள் இல்லை.

கம்பி இழுத்து, கொல்லையில் இருந்த எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்ற, கூலியோடு 850 ரூபாய். சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர்கூட அரை வேலைதான் செய்யும் என்றும் சொன்னார். 2019 ஐப்பசி நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பியும் அப்போது அப்படியேதான் கிடந்திருக்கும். கம்ப்யூட்டர் பட்டியலில் யாரும் எழுதாத வரி இது. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் டெஸ்டரும் ஒரு பல்பும் எடுத்துக்கொண்டு பிளக் பாயிண்டைப் பார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிறேன்.

நான் எழுத மறந்த இன்னொரு வரி விண்டோஸ். ரிச்சி தெருவில் 300 ரூபாய்க்கு ‘போட்டுத் தரேன்’ என்றார்கள். அடுத்தவர் வரிக் கணக்கின் பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும் மெஷினில் யாரோ உடைத்த விண்டோஸை ஏற்ற மனம் வரவில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி ஏற்றினேன். வலது மூலையில் ‘ஆக்டிவேட் செய்’ என்ற வாசகம் இரண்டு மாதம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூலை 31 ரிட்டர்ன் சீசன் முடிந்து கையில் காசு வந்ததும் லைசென்ஸ் வாங்கினேன். நியாயமாகப் பார்த்தால் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். வாலரண்டும் விண்டோஸ் 11-இல் சும்மா ஓடவில்லை, டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. இரண்டும் பயாஸிலேயே இருந்தன, ஆன் செய்ததும் ஓடியது. படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறான். தங்குதடை இல்லை என்கிறான்.

பில்லின் பலனைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பதினாலாவது மாதம் அந்த எஸ்எஸ்டி ஒரு காலை எழுந்திருக்கவே இல்லை. முன்னறிவிப்பு ஏதும் கிடையாது. ஹார்ட் டிஸ்காவது கடகடவென்று முனகும். பில்லையும் சீரியல் எண்ணையும் வைத்துப் பன்னிரண்டாம் நாள் புதியது வந்தது. டேலி கோப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, பிளக்கைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவேன். மாதம் ஒரு பென் டிரைவ் திருத்தணியில் அக்கா வீட்டுக்குப் போகும். எதற்கென்று அக்காவுக்குத் தெரியாது, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். ஆக, என் தேய்மானப் பட்டியலில் டிஸ்குக்கு மட்டும் இடம் கிடையாது. அது தேய்வதில்லை, ஒரு நாள் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் இந்த ரேம் கதை. 2025 கடைசியில் மகன் ஃபோனை நீட்டினான். ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதாலும், கம்பெனிகள் டிடிஆர்4 தயாரிப்பைச் சுருக்கிக்கொண்டதாலும் ரேம் விலை ஏறிக் கிடந்தது. நாங்கள் 3,500-க்கு வாங்கிய அதே ஜோடி இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு 40 சதவீதம் கழித்து, முதல் வருடக் கடைசியில் 2,100. இரண்டாம் வருடக் கடைசியில் 1,260. சட்டப்படி என் வீட்டில் இருப்பது 1,260 ரூபாய் ரேம்.

“ஒரு ஸ்டிக்கை வித்துட்டு, அந்தக் காசை கிராஃபிக்ஸ் கார்டுக்கு அட்வான்ஸா போட்டுக்கலாமாம்மா?” என்றான்.

“ரெட்டைச் சேனல் போயிடுமேடா” என்றேன்.